வேலிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

எங்கள் கல்லூரியில் அந்த வருஷம்தான் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு தாளைப் புதிதாகச் சேர்த்தார்கள். மற்ற பெண்களுக்கு அது பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்கிற தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. உணவுச் சங்கிலி, நீர்ச் சுழற்சி, மண் அரிப்பு என்று வீட்டில் சோறு போடும் நேரத்திலும் பேசினேன். அப்பா குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால் பின்னால் போய் நின்று மூடினேன். வந்த விருந்தாளிகளிடம், சிறுவாணிக் காடு இல்லாவிட்டால் கோயமுத்தூர் எதைக் குடிக்கும் என்று கேள்வி கேட்டேன். பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா சொல்லிவிட்டாள்: “இவளக் கொஞ்ச நாளைக்கு அத்தை தோட்டத்துல கொண்டுபோய் உட்டுட்டு வாங்க. என்ற காதாவது ஓயட்டும்.”

அப்பாவின் அக்காதான் அத்தை. அவிநாசியில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போகவேண்டும். மாமா தவறிப்போன பிறகு தென்னந்தோப்பையும் மாடுகளையும் அத்தை தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் இறங்கியபோது சித்திரை வெயில் தென்னை மட்டைகளை மஞ்சளாக்கியிருந்தது. குரும்பைப் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறு. அடியில் ஒரு ஈயப்பாத்திரத்தைக் கவிழ்த்த அளவுக்குத் தண்ணீர் பளபளத்தது.

“மோட்டாரப் போட்டா ஒரு பாத்தி நனையறதுக்குள்ள காத்து இழுக்குது கண்ணு,” என்றாள் அத்தை. “போர் போட்டரலாம்னு முடிவு பண்ணிப்போட்டேன். போர் போடற திருச்செங்கோட்டு லாரிக்குச் சொல்லியாச்சு.”

மாடுகளில் பாதியை விற்றுத்தான் போர். பால் சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் அத்தையின் காலம் ஓடியது. போரில் தண்ணீர் வராவிட்டால் மாடும் இல்லை, தோப்பும் இல்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது மட்டும் அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றுவட்டத்தில் தண்ணீர் வராத போர்க் குழிகள் கல் வைத்து மூடப்பட்டு எல்லாத் தோட்டத்திலும் இருந்தன. அத்தைக்கும் தெரியும்.

நீரோட்டம் பார்க்கிறவர் வந்து போயிருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பாராம். தண்ணீர் ஓடும் இடத்தில் அது எழுந்து நிற்குமாம். கிளுவை வேலியை ஒட்டி நின்றதாம். அந்த இடத்தில் ஒரு சுண்ணாம்புக் கல் வைத்திருந்தார்கள்.

“தேங்கா எதனால நிக்குது அத்தை?”

“நின்னுச்சு. அவ்வளவுதான். நீ பாட்டுக்குக் கேள்வி கேட்டீன்னா படுத்துக்கப் போவுது.”

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தையின் கொழுந்தனார் தோட்டம். எனக்கு அவரும் மாமாதான். அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக இருந்த காலத்தில் அந்தக் கிணறு பொதுக் கிணறு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. பாகம் பிரித்தபோது கிணறு அத்தை பக்கம் விழுந்தது. அவர் முறையே வேண்டாமென்று எழுந்துபோய் வேலியோரத்தில் போர் போட்டார், தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கினார், கூடவே ஆட்டோ ஸ்டார்ட்டரும் மாட்டினார். விவசாயத்துக்குத் தரும் மூன்று பேஸ் கரண்ட் காலையில் ஒரு தவணை, ராத்திரி ஒரு தவணை வரும். வந்தவுடன் அது தானாக ஓட ஆரம்பிக்கும். தேவை இருக்கிறதோ இல்லையோ, கரண்ட் போகும்வரை ஓடும். விவசாயக் கரண்டுக்குத்தான் காசு கட்டவேண்டியதில்லையே.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு இல்லையே தவிர சத்தம் இருந்தது. மாமா வேலியோரம் நின்றுகொண்டு தன் எருமையிடம் சொல்வார்: “பொம்பளைக்கு எதுக்குத் தோட்டம்? குத்தகைக்கு உட்டுப்போட்டு டவுன்ல போய் நெழல்ல உக்காந்தா என்னவாமா?” அத்தை தன் நாயிடம் சொல்வாள்: “எரும கேக்குது பாரு, அதுக்காச்சும் பதில் சொல்லு.”

நான் அங்கே போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. மாமாவின் மோட்டாரில் காயில், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், எரிந்துபோனது. வெளியே தூக்கி, காயில் கட்ட அனுப்பினார்கள். ராத்திரி கரண்ட் ஒரு தவணை, காலைக் கரண்ட் ஒரு தவணை வந்துபோயின. அவர் போர் ஓடாமல் சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் அத்தை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கூவினாள். தண்ணீர் ஏறியிருந்தது. அடியிலிருந்த பாறை முழுக்க மறைந்திருந்தது.

“அவிநாசித் தேர் பாத்துட்டு வந்தேனில்ல. சாமி கண்ணத் தொறந்துருச்சு!”

எனக்கு வேறொரு எண்ணம் ஓடியது. புத்தகத்தில் நான் வரைந்து பழகிய படம் அது. பாறைக்கு மேலே சரளை, சரளைக்குள் தண்ணீர். போர் இழுக்கும் இடத்தில் தண்ணீர் மட்டம் புனல் மாதிரி குழிந்து, அந்தக் குழி பக்கத்துத் தோட்டத்துக்கும் படர்ந்து போகும். மேலே வேலி நாம் போட்டது. கீழே வேலி கிடையாது. நான் ஓடிப்போய்க் கிளுவை வேலி இடைவெளியில் தலையை நீட்டினேன்.

“மாமா! உங்க போர்தான் எங்க கெணத்துத் தண்ணிய இழுக்குது!”

அவர் கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். “வா அம்மணி. நல்லா இருக்கறியா? அப்பா சௌக்கியமா? ஒரு எளனி வெட்டட்டுமா?”

“வெட்டுங்க. அதுல ரெண்டு ஸ்ட்ரா போட்டு நீங்க ஒண்ணுல நான் ஒண்ணுல உறிஞ்சுனா எப்பிடி? அப்பிடித்தான் இதும்.”

அவர் இளநீரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எளனிக்கு ஓடு இருக்குது. என்ற காட்டுக்கு ஓடு எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்? என்ற போரு ஆழத்துல இருக்கற ஊத்து. உங்க அத்தை கெணறு மேலாப்புல இருக்கற ஊத்து. அது வேற நரம்பு, இது வேற நரம்பு. காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?”

“மோட்டார் எரிஞ்சு நின்ன பொறவுதானுங்க தண்ணி ஏறிச்சு.”

“நேத்து எங்க எரும கன்னு போட்டுச்சு. அதனாலயும் ஏறியிருக்கும்.”

ஒரு தடவை நடந்தது எதற்கும் சாட்சி ஆகாது என்று எங்கள் பேராசிரியரே சொல்லியிருந்தார். கடுப்பில் சொன்னேன்: “அப்பறம் மறுக்கா நிறுத்திப் பாருங்க.”

“நிறுத்தறேன். ஆனா எப்ப ஓட்றேன், எப்ப நிறுத்தறேன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். இந்த சப்மெர்சிபிள் ஓடுனா சத்தமே கேக்காது. தண்ணிய மூடி போட்ட தொட்டிக்குள்ள உட்டுக்கறேன். ஒவ்வொரு தவணை கரண்ட் போன பொறவும் நீ உங்க கெணத்தப் பாத்துட்டு வந்து, மாமா ஓட்டுனாரு, இல்ல, ஓட்டலன்னு சொல்லோணும். சொல்லீட்டீன்னா ஒத்துக்கறேன். சொல்லலீன்னா உங்க அத்தைய மூட்டையக் கட்டச் சொல்லு.”

குறும்புக்காகத்தான் சொன்னார். ஆனால் அதைவிடச் சுத்தமான பரிசோதனையை எங்கள் லேபில்கூட யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. சந்தோஷத்தில்.

அத்தைக்கு அப்படி இல்லை. பரிசோதனை நடக்கிற நாளெல்லாம் அத்தை தன் மோட்டாரைப் போடக்கூடாது, போட்டால் எதனால் இறங்கியது என்று தெரியாது. தென்னைக்குத் தண்ணீர் கிடையாது. மாட்டுக்கு மட்டும் வாளியில் சேந்தி ஊற்றவேண்டும்.

“குரும்பை கொட்டறதப் பாத்துட்டே இருக்கச் சொல்றியா?”

“லாரி வர்றதுக்கு முன்னால தெரிஞ்சுக்கலாமுங்க அத்தை. போருக்குள்ளயும் இதே தண்ணிதான் வருதுன்னா மாட்ட விக்கறது எதுக்கு?”

அத்தை மாட்டுக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “செரி. உன்ற படிப்பு என்னதான் சொல்லுதுன்னு பாக்கலாம்.”

பழைய சேலை ஒன்றைக் கிழித்து, கயிற்றில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு துணி கட்டி, நுனியில் கல் கட்டிக் கிணற்றில் தொங்கவிட்டேன். எந்தத் துணிவரை மூழ்கியிருக்கிறது என்று பார்த்தால் மட்டம் தெரியும். கிழித்தது அத்தையின் பொங்கல் சேலை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காக வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

மாமாவின் மோட்டார் காயில் கட்டித் திரும்பி வந்த பிறகு, முதல் நாள் காலைக் கரண்ட் போனதும் பார்த்தேன். மாற்றமே இல்லை. வேலியோரம் ஓடினேன். “ஓட்டலீங்க மாமா!”

“செரி,” என்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அன்றைய ராத்திரித் தவணை முடிந்த விடிகாலையில் பார்த்தபோது தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. “ஓட்டுனீங்க!”

“செரி.”

இப்படியே நாலைந்து நாள். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய்ச் சொல்வேன், அவர் வெற்றிலையை மென்றுகொண்டு செரி என்பார். கிணறு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதுவே எனக்குப் போதையாக இருந்தது. இந்தப் பக்கம் யாரும் ஒரு சொட்டுக்கூட இறைக்கவில்லை, தண்ணீர் மட்டும் யாரோ மூச்சு விடுவதுபோல மேலும் கீழும் போகிறது! அத்தையும் கயிற்றைப் பார்க்காமல் தூங்கப் போவதில்லை. வாளி சேந்திச் சேந்தி அவள் கை காய்த்திருந்தது. ஒரு தென்னையில் அடிமட்டை இரண்டு தொங்கிவிட்டன.

கடைசி நாள் மாமா வேலியருகே வந்து நின்று என் பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார்.

“மொத நாள் காலைல ஓட்டுனேன். நீ ஓட்டலைன்னே. ராத்திரி நிறுத்துனேன். நீ ஓட்டுனேன்னே. மக்யா நாள், அதான் ரெண்டா நாள், காலைல நிறுத்துனேன். அத மட்டும் செரியாச் சொன்னே. அன்னிக்கு ராத்திரி ஓட்டுனேன். நீ ஓட்டலைன்னே. அதும் தப்பு. மிச்சமும் இந்த லட்சணந்தான்.” எருமையின் முதுகில் தட்டினார். “காசு சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாக்கூட இதவிட எச்சா மார்க் வாங்கியிருப்பே அம்மணி.”

என் காது சூடாகிவிட்டது. அத்தை வீட்டுக்குள் போய், மாட்டுத் தரகரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினாள். நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து என் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் பொய்யா? இல்லை, எங்கள் பாறை மட்டும் புத்தகத்துக்கு அடங்காத பாறையா?

“ஏங்கண்ணு.”

வேலி இடைவெளியில் மாமாவின் சம்சாரம் நின்றிருந்தார். எனக்குச் சின்னத்தை. கையில் தோசைக் கரண்டி அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ஆட்டோவ நிறுத்திப்போட்டு ஸ்டார்ட்டர அமுக்குனது நான்தான். உங்க மாமன் கட்டில்ல படுத்துட்டு, போடு, நிறுத்துன்னு உத்தரவு போடுவாரு. நீ சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல. நீ சொன்னது பிந்துது.”

“பிந்துதுன்னா?”

“காலைல நான் போட்டேன். நீ ராத்திரிக்குத்தான் போட்டீங்கன்னு சொன்னே. ராத்திரி நான் நிறுத்துனேன். நீ மக்யா நாள் காலைலதான் நிறுத்துனீங்கன்னு சொன்னே. மறுக்கா ராத்திரி போட்டேன். அதுக்கடுத்த காலைத் தவணைக்கு நீ, போட்டீங்கன்னு கத்துனே. ஒவ்வொண்ணும் ஒரு தவணை பின்னால வருது பாரு.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். போரில் இழுத்தவுடனே கிணறு இறங்க அது என்ன ஒரே குழாயா? தண்ணீர் சரளைக்குள் வழி தேடி நகர்ந்து வரவேண்டும். கிணறும் சின்னதா என்ன, அத்தனை அகலக் கிணறு. ஏறவும் நேரமாகும், இறங்கவும் நேரமாகும். புனல் மாதிரி குழியும் என்று படம் வரைந்தேனே தவிர, குழிய எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தப்பாகச் சொன்ன பதில்களை ஒரு படி முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்றுகூட இடிக்கவில்லை.

“சின்னத்தை!” என்று கத்திக்கொண்டு அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

“கரண்டி சூடு, கரண்டி சூடு!” என்று பின்வாங்கினார்.

மாமாவிடம் போனபோது அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “அவுட்டான பொறவு நோபால்னு சொல்றியா?”

“மறுக்கா வெச்சுக்கலாமுங்க. ஒரு தவணை தள்ளித்தான் பதில் சொல்லுவேன். அதையும் முன்னாலயே சொல்லிப்போடறேன்.”

“உங்க அத்தை மாட்ட விக்கப் போனாங்கன்னு கேள்வி.”

“போயிட்டாங்க. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்.”

பொட்டல் காட்டில் அத்தையை வழியில் மறித்துவிட்டேன். மூச்சிரைக்க நான் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. சின்னத்தை வந்து சொன்னார் என்றதும்தான் நின்றாள். “அவளா வந்தா? வேலிகிட்டயா?” தரகரைப் பார்க்காமல் திரும்பிவிட்டாள். அதற்குக் காரணம் அறிவியல் என்று நான் நினைத்தால் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை நான் கத்தவில்லை. அத்தைதான் கயிற்றைப் பார்த்துவிட்டு நாயிடம் சொன்னாள், வேலிக்குக் கேட்கும்படி: “நேத்துக் காலைல ஓட்டியிருக்காங்கடா.” மறுபடி: “ராத்திரி ஓட்டலைடா.” எருமைப் பக்கத்திலிருந்து கேலி வரவில்லை. மூன்றாவது பதிலும் சரியாக வந்தபோது வேலி விலகும் சத்தம் கேட்டது.

மாமா இந்தப் பக்கம் வந்திருந்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ. கிணற்று மேட்டில் நின்று உள்ளே பார்த்தார். துணி கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தார். அப்புறம் நடந்துபோய் அந்தச் சுண்ணாம்புக் கல்லருகில் நின்றார். அங்கிருந்து தன் போரைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. இதுவரை அவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏ அம்மணி. இந்த எடத்துல போரப் போட்டா, என்ற போருக்கு என்னாவும்?”

“உங்க தண்ணி இங்க வருமுங்க மாமா,” என்றேன் உற்சாகமாக. “அப்பறம் நீங்க இன்னும் ஆழமாப் போகோணும். அப்பறம் அத்தை இன்னும் ஆழமா…”

அத்தை என் முதுகில் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம். எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது, இப்போது யார் கையில் என்ன இருக்கிறது என்று.

“லாரி வெள்ளிக்கெழமை வருது,” என்றாள் அத்தை, நாயைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல். “சொன்னதச் சொல்லியாச்சு. வரட்டும்.”

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. தூசி கிளப்பிக்கொண்டு தடத்தில் நுழைந்து வேப்ப மர நிழலில் நின்றது. ராடுகள் அடுக்கிய பெரிய வண்டி. ஆட்கள் இறங்கி முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். “எந்தப் பாயிண்டுங்க?” என்று மேஸ்திரி கேட்டார். அத்தை அவருக்கு மோர் கொடுத்தாள். “சித்த நேரம் உக்காருங்க தம்பி,” என்றாள். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தார், இந்தப் பக்கம் வந்தார், லாரியைச் சுற்றினார். டயரை உதைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க நங்கையா,” என்றார் கடைசியில். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. “இந்த லாரி அவசியந்தானுங்களா?”

“கெணத்துல தண்ணி இருந்தா எனக்கெதுக்குங்க லாரி?”

“நான் நிறுத்துனா என்ற வாழை காஞ்சுபோகுமுங்க.”

“காலைத் தவணை எனக்கு. ராத்திரித் தவணை உங்களுக்கு.”

“ராத்திரில பாம்பு எச்சுங்க நங்கையா. என்னையப் பாம்புக்குக் குடுக்கறீங்களா?”

வேலிக்கு அப்பாலிருந்து சின்னத்தையின் குரல் வந்தது: “ஒரு நாள் அவங்க, ஒரு நாள் நாம! முன்னால இருந்தமில்ல, அதே மொறை. ஆட்டோவக் கழட்டிப்போடுங்க. கையில போட்டு கையில நிறுத்தலாம். எத்தன நாளு, வாழைக்குப் பாய்ஞ்சது போக ரோட்டுல ஓடியிருக்கு!”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். லாரி மேஸ்திரி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குப் பெருந்துறைல ஒரு வேலை காத்திருக்குதுங்க. போடறதுன்னா போடலாம், இல்லீன்னா…” என்றார். பேசிக்கொண்டே லாரியைப் பார்த்து நடந்தார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “செரி, ஆகட்டும்,” என்றார். லாரி பின்பக்கமாகவே தடத்தை விட்டு வெளியேறிப் போனது.

அந்தக் கோடையில் கிணறு நிரம்பி வழியவில்லை. அப்படிச் சொன்னால் பொய். இரண்டு தென்னைகள் தேறவில்லை. மாமா வாழையில் பாதியை அழித்துச் சோளம் போட்டார், எனக்குச் சாபம் விட்டுக்கொண்டே. ஆனால் மாடுகள் எல்லாம் கொட்டகையில் நின்றன. அத்தை தன் முறை நாளில் காலைத் தவணைக்கு நாலு பாத்தி, ராத்திரித் தவணைக்கு நாலு பாத்தி நனைத்தாள், மட்டையையும் தேங்காய்மஞ்சி நாரையும் மரத்தடியில் பரப்பி வெயிலை மறைத்தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் காட்டுச் சரிவில் வரும் மழைத்தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம், வண்டல் தங்க ஒரு குழி மட்டும் வேண்டும் என்று நான் படம் போட்டுக் கொடுத்தேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த மாமா மறுநாளே டிராக்டரோடு வந்துவிட்டார். எடுப்பது மட்டும் அல்ல, போடுவதும் நம் கையில்தான் இருக்கிறது என்பது தாளில் இருந்ததைவிட அந்த வாய்க்கால் மண்ணில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று வடக்குத் தோட்டத்துக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அவரிடமும் ஒரு போர் உண்டு.

“ஏனுங்க அம்மணி,” என்றார் தயங்கி. “என்றதையும் ரெண்டு நாளைக்கு நிறுத்திப் பாக்கட்டுங்களா? யாரு கெணத்துல ஏறுதுன்னு தெரிஞ்சுக்கலாமில்லீங்க.”

அத்தை உள்ளிருந்து கயிறு எடுத்துக்கொண்டு வந்தாள். பையைக் கீழே வைத்தேன். அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கொள்ளலாம்.